ஜி-க்குக் கொஞ்சம் மேலே

மஸ்கட்டில் வாரம் ஞாயிறன்று தொடங்கும்.
எனக்கு இந்த முறை சனி இரவே தொடங்கிவிட்டது,
பர்காவில் ஒரு கல்யாண மண்டபத்தில்.
மணமகள் வர ஒன்றரை மணி நேரம் தாமதம்.
மைசாவும் நானும் ஒரே மெட்டைப்
பதினேழு முறை வாசித்தோம்.
பதினெட்டாம் முறை அவள் வேண்டுமென்றே
ஒரு சுரத்தை மாற்றினாள்.
யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.
எனக்குத்தான் சிரிப்பில் தோள் குலுங்கி
வில் நழுவியது.

வியாழன் நான்கு மணிக்கு
நால்வர் வாசிக்க ஓர் உருப்படி தர வேண்டும்.
ஆறு நிமிடம், சொந்தக் கற்பனை.
கையில் இருந்தது நான்கு கட்டம்.
அதிலும் இரண்டு ஓய்வு.

திங்கள், ஷாத்தியில் ஓட்டல் வரவேற்பறை.
பேரீச்சம்பழத் தட்டுக்கும் லிஃப்டுக்கும் நடுவே
எங்கள் நான்கு நாற்காலிகள்.
"இந்த வயலின் என்ன இவ்வளவு பெரிசு?"
வயோலா என்றேன்.
"அதான், வயலின்" என்று
ஒரு பழத்தை எடுத்துக்கொண்டு போனார்.
திரும்பும்போது ரொமெல் தன் செலோவை
டாக்ஸியின் முன்னிருக்கையில் உட்கார வைத்து
பெல்ட் மாட்டினான்.
பின்னால் நாங்கள் நால்வர்,
அகிலின் முழங்கை என் விலாவில்.

இரவு ஒன்றரை.
ஹோண்டா ரோடு, மூன்றாம் மாடி,
வெளியே இன்னும் முப்பத்தாறு டிகிரி.
ஜன்னல் ஏசி முனகிக்கொண்டிருந்தது.
எழுத வராமல் அதையே கேட்டிருந்தேன்.
பிறகு வயோலாவின் ஜி கம்பியை மெல்ல இழுத்தேன்.
ஏசி அதற்கு ஒரு மயிரிழை மேலே.
இரண்டுக்கும் இடையே ஒரு தளும்பல்,
நொடிக்கு நான்கு,
மேசைமேல் வைத்த தம்ளரில் தண்ணீர் நடுங்குவதுபோல.

அதன்மேல் எழுதத் தொடங்கினேன்.
செவ்வாய் எழுதினேன். செவ்வாய் இரவும்.
புதன்கிழமை பாடகர் குழுவுக்குக் கீபோர்டு வாசித்தபோது
மூன்றாம் சரணத்தில் என் உருப்படியின் இடது கை
தானாக நுழைந்துவிட்டது.
ஆல்ட்டோக்காரர்கள் முறைத்தார்கள்.
காரில் விட்டுப்போன ரோசின்
பாகாய் உருகிப் பையோடு ஒட்டியிருந்தது.

அப்பாவுக்கு ஏசி வேலை.
பகலெல்லாம் ஊரார் கூரைகளில்
ஊரார் முனகலை நிறுத்திவிட்டு வருவார்.
புதன் இரவு என் அறை வாசலில் நின்று கேட்டார்.
"பேரிங் போயிட்டுட்டீ. ஒரு அரைமணிக்கூர் வேலைதான்."
"தொடாதீங்கப்பா. வியாழன் வரைக்கும்."
புகார் எழுதவும் மறுக்கிற வாடிக்கையாளரை
அவர் அன்றுதான் முதன்முதலாகப் பார்த்திருக்க வேண்டும்.

அரங்கு புத்தம் புதுசு.
குளிர் வருகிறது, எங்கிருந்து என்று தெரியவில்லை.
ஒரு சத்தம் கிடையாது.
முதல் சுரக்கோவையிலேயே தெரிந்துவிட்டது,
கீழே தரை இல்லை.
இரண்டாம் பக்கத்தில் ஒன்பது கட்டம்
நால்வருக்கும் ஓய்வு எழுதியிருந்தேன்,
அங்கே ஏசி மட்டும் பாடட்டும் என்று.
பாட ஒன்றுமில்லை.
மூன்றாம் கட்டத்தில் மைசா கண்ணால் கேட்டாள், இப்பவா?
இல்லை என்றேன்.
எண்ணினோம்.
ஒரு நாற்காலி கிறீச்சிட்டது.
யாரோ எச்சில் விழுங்கினார்கள், அதுகூடக் கேட்டது.
ஏழு. எட்டு.
ரொமெலின் நெற்றியிலிருந்து ஒரு சொட்டு
செலோவின் மரத்தில் விழுந்தது.
ஒன்பது.

மதிப்பெண் தாளின் ஓரத்தில்
ஒரே ஒரு குறிப்பு: "துணிச்சலான மௌனம்."
நான் எதையும் விளக்கவில்லை.
பதினெட்டு மதிப்பெண் சும்மாவா.

வீட்டுக்கு வந்தால் அறை வாசலில்
முகப்பு மூடியும் கறுத்த துணியும்.
அப்பா ஸ்குரூடிரைவரைத் துடைத்துக்கொண்டிருந்தார்.
"நீதானட்டீ வியாழன்னு சொன்னே.
இனி நிம்மதியா ஒறங்கு."

விளக்கை அணைத்தேன்.
வெள்ளி ஏழு மணிக்கு ஆராதனை,
மாலை குரமில் ஒரு பிறந்தநாள் விழா.
ஏசி காற்றை மட்டும் விட்டது.
ஒன்று, இரண்டு என்று எண்ணிப் பார்த்தேன்.
பத்தாம் கட்டத்தில் பக்கத்து வீட்டுக் கம்ப்ரசர்
கனைத்துக்கொண்டு எழுந்தது.

எஃப். கொஞ்சம் கீழே.

பென்சில் எட்டும் தூரத்தில்தான் இருந்தது.
திரும்பிப் படுத்தேன்.